வெறும் கேஸ்தான்

எங்கள் கல்கத்தாவில் தலை வலித்தாலும் கேஸ், கால் வலித்தாலும் கேஸ். காதலில் தோற்றவனுக்குக்கூட வீட்டில் முதலில் வாயு மாத்திரைதான் கொடுப்பார்கள். அந்தப் புண்ணியத்தில் என் மருந்துக்கடை இருபது வருடமாக நன்றாகவே ஓடுகிறது, இன்ஸ்பெக்டர் பாபு.

பக்கத்து வீட்டு ஹிரண்மய் லாஹிரி தினமும் காலையில் பேப்பர் படிக்கக் கடைக்கு வருவார். நான் மருத்துவப் படிப்பை நாலாம் வருடத்தில் விட்டதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன். நீ முக்கால் டாக்டராச்சே நிருபம், இதுவரைக்கும் எத்தனை பேர்?" என்பார். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வியாபாரி வேறென்ன செய்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பேப்பரைத் தொடவில்லை. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"திடீர்னு நெஞ்சுக்குள்ள யாரோ துணியைக் கிழிக்கிற மாதிரி இருந்துச்சுடா. இப்ப முதுகுக்கு இறங்கிடுச்சு."

இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தேன். வலது கையில் நூற்றுத் தொண்ணூறு, இடது கையில் நூற்று முப்பது. இடது நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்துகொண்டிருக்கிறது. நாலாம் வருடப் பாடம் வரி மாறாமல் நினைவுக்கு வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

அவர் மனைவி சுபர்ணா பின்னாலேயே ஓடிவந்தார். "தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா? காலைல எண்ணெயில பொரிச்ச லூச்சி பூரி எட்டு சாப்பிட்டாரு."

"எட்டா? அப்புறம் என்ன அண்ணி, வெறும் கேஸ்தான்" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஆமோதித்தார்கள். ஒருவர் ஓமத்தண்ணீர் என்றார், இன்னொருவர் சோடா என்றார். நான் இளஞ்சிவப்பு மருந்து இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் படி இறங்கும்போது, "வரேன், டாக்டர்" என்றார். 'முக்கால்' இல்லை.

அப்போதுகூட ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். ஆஸ்பத்திரி பத்து நிமிடம்தான். ஆனால் முதன்முதலாக ஒருவர் டாக்டர் என்று கூப்பிட்டிருக்கிறார். அடுத்த நிமிடமே சொன்னதை மாற்றினால் என்ன மரியாதை?

மதியம் சாப்பாட்டுக்கு முன் இறந்துவிட்டார். சுபர்ணா அண்ணி அழுததைப் பார்த்து நானும் அழுதேன், பொய்யில்லை.

நீங்கள் கைப்பற்றிய என் நோட்டில் எட்டு நாற்பது என்று மணி போட்டு, இரண்டு கை அளவையும் நோயின் பெயரையும் எழுதியிருக்கிறேன். பிரேதப் பரிசோதனைச் சீட்டிலும் அதே பெயர்தானே? ஓர் எழுத்து மாறியிருக்கிறதா, பாருங்கள். இனி எவனாவது என்னை முக்கால் டாக்டர் என்று சொல்லட்டும்.