மூன்று மாத இரவல்

அது சண்டைக் காலம். எதற்குப் போனேன் என்பது மறந்துவிட்டது; கொக்கட்டிச்சோலைத் தோணியில் பக்கத்தில் இருவர் பேசியது மட்டும் மறக்கவில்லை. ஒருவர் காலடியில், சாக்கில் சுற்றிய பழைய புல்வெட்டும் மெசின்.

"பள்ளிக்கூட மைதானம் வெட்ட ரெண்டு நாளெண்டு வாங்கினன், மச்சான். கல்லில பட்டுத் தகடு உடைஞ்சிட்டு. உன்ட ஏச்சுக்குப் பயந்து மூணு மாசம் வரல்ல."

"நல்ல காலம், நீ வரல்ல."

"என்னகா, பகிடியா?"

"போன மாசம் ஷெல் விழுந்து என்ட பட்டறை எரிஞ்சிட்டு. திருத்தி வெச்ச மெசின் எல்லாம் கருகிட்டு. இது ஒண்டுதான் மிச்சம். தகட்டை நான் மாத்திருவன். இனி இதாலதான் பிள்ளையளுக்குச் சோறு."

கரை வந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெசினை இறக்கினார்கள்.

"இனி எனக்கு இரவல் தரமாட்டாய், என்ன?"

"உனக்குத்தான் தருவன். ரெண்டு நாளில திருப்பிக் கொண்டு வந்தியோ, காலை முறிப்பன்!"