டிரம்மர் வரும் அத்தியாயம்

வாய்விட்டுப் படிப்பதற்கு முன்னால் ஒரு மடக்கு வெந்நீர் குடித்துக்கொள்வது நல்லது. தொண்டை கட்டாது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்த்த காலத்தில் பழகிக்கொண்டது. தம்பிக்குப் புத்தகம் படித்துக்காட்ட ஆரம்பித்த பிறகு மட்டும் அந்த வெந்நீரைச் சமையலறையிலேயே நின்று குடித்துவிட்டு வருவேன். அவனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். கண் போய்விட்டதே தவிர காது ரொம்பக் கூர்மை. நாக்கு வறண்டு கிடக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி மடக்கு மடக்கென்று குடித்தால் அவனுக்கு எப்படி இருக்கும். அவ்வளவு பார்த்துப் பார்த்து நடந்துகொண்டவள் நான். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

தையல்காரி உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நல்லவள்தான். அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. விசாரிக்க வந்திருக்கிறீர்கள், நீங்கள் கேட்டதற்கு வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலியில் வேண்டாம், அது அவனுடையது. இதில் உட்காருங்கள்.

தம்பி ஓட்டல்களிலும் விருந்துகளிலும் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவன். சர்க்கரை வியாதி முதலில் கண்ணைக் கெடுத்தது, பிறகு சிறுநீரகத்தை. அவனும் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, எனக்கும் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். அங்கே கையில் ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி ஏற்றுவார்கள். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் ஆகிவிடும். அந்த நேரம் போவதற்குத்தான் புத்தகம்.

அவனுக்கு ராக் இசைக்காரர்களின் சுயசரிதை என்றால் உயிர். எனக்கு நாவல், வாராவாரம் கடையில் தொங்குகிற சின்ன நாவலாக இருந்தாலும் போதும். அடுத்த நாற்காலியில் அவனைப் போலவே கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்த தையல்காரியும் என் கட்சி. எந்த நாவலையும் அவள் ஒரே மூச்சில் முடித்ததில்லை. நாலைந்தை ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படிப்பாள். அதனால் தம்பி அவளுக்குத் ‘தொடர்கதை’ என்று பெயர் வைத்தான். ஒரு நாள் அவன் புத்தகம், மறுநாள் எங்கள் புத்தகம் என்று முறை வைத்துக்கொண்டோம். படிப்பது நான். முடிந்ததும் ஆளுக்கு ஆள் அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

பாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே புத்தகத்தைத்தான் எழுதுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அப்பா அடிப்பார். யாரோ ஒரு மாமா பழைய கிடார் ஒன்றைக் கொடுப்பார். ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போவார்கள். பிறகு பணம், குடி, மூன்று பெண்டாட்டி. கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஆஸ்பத்திரி. கடைசியில் பிழைத்து எழுந்து வந்து எல்லாருக்கும் நன்றி சொல்வார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு யாரை எங்கே முடித்துவைக்க வேண்டும் என்று தெரியும். சுயசரிதையில் அந்த வசதி இல்லை. எழுதுகிறவன் எவ்வளவு சீக்கில் விழுந்தாலும் அடுத்த பக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பான். இதை நான் சொன்னபோது தையல்காரி, “அதான் அக்கா, எத்தனை பக்கம் புரட்டினாலும் சாகவே மாட்டேங்குறானுங்க” என்றாள். தம்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கை அசைந்ததும் இயந்திரம் மணியடித்தது. நர்ஸ் வந்து மூன்று பேரையும் திட்டிவிட்டுப் போனாள்.

சிரித்து முடித்த பிறகு அவன் ஒன்று சொன்னான். “கதைல செத்தவன் எவனும் நிஜமா சாகலக்கா. இவன் நிஜமாவே பொழைச்சிருக்கான். அதுக்காகத்தான் நான் இதையெல்லாம் கேக்குறேன்.”

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. யாரோ ஒரு முன்பின் தெரியாத கிடார்க்காரன் பிழைத்தால், இவன் அடுத்த முறை ஊசிக்குக் கையை நீட்டுவான். அவ்வளவுதான் விஷயம். டாக்டரைவிட எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை நான் கவனக்குறைவாக நடைமேடை எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டேன். எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் சொன்ன பக்கம் ஓடினார்கள். சரியான பேருந்து, பெரிய எழுத்தில் பலகை மாட்டிக்கொண்டு, அவர்கள் கண்ணெதிரே நின்றது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பதற்றமில்லாத குரலில் சொன்னால் மனிதர்கள் கேட்டுக்கொள்வார்கள். நான் அன்று ரொம்ப வருத்தப்பட்டேன்.

படிக்கும்போது மாற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் நல்லெண்ணத்தில்தான். கண் தெரியாமல் போகிற இடம், கால் எடுக்கிற இடம் வந்தால் தாண்டிவிடுவேன். ஒருமுறை ஒரு சோகமான வரியை மாற்றிப் படித்தேன். மறுநாள் அதே பக்கத்தைத் திரும்பக் கேட்டான். “நேத்து இந்த எடத்துல வேற வார்த்தை இருந்துச்சேக்கா” என்றான். டிரம்ஸ் வாசித்த காது, ஒரு தட்டு பிசகினாலும் தெரிந்துவிடும். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சமாளித்தேன். அதற்குப் பிறகு எதை மாற்றினாலும் மனப்பாடம் செய்துகொண்டுதான் படித்தேன்.

இயந்திரத்தின் மணி அவனும் தையல்காரியும் பேசும்போதுதான் அதிகம் அடித்தது. என் வீட்டில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் வீடு திரும்பும் வழியில் அவன் மெதுவாகச் சொன்னான். தையல்காரியின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருக்கிறது, முன்னறை சும்மா கிடக்கிறது, இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய் வரலாம் என்கிறாள். புத்தகத்தைத் தானே படித்துச் சொல்கிற போன்கூட இப்போது இருக்கிறதாம், அவளே வாங்கித் தருகிறாளாம்.

“உனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்லக்கா. எத்தனை வருஷம்தான் என்னைக் கட்டி இழுப்ப.”

அவன் அன்பாகத்தான் சொன்னான். நான் சரிப்பா என்றேன். வீட்டுக்கு வந்து குழம்பைச் சுடவைத்தேன். அடுப்பின் முன்னால் நின்று அழுதேன், அவன் காதில் விழாமல். வயிறு எரிந்தது என்று சொன்னால் நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வீர்கள். எனக்கு அவனைப் பற்றிய கவலைதான். சீக்குக்காரி ஒருத்தி இன்னொரு சீக்குக்காரனை எப்படிப் பார்த்துக்கொள்வாள். அந்த போன் அவனுக்கு என்னத்தையெல்லாம் படித்துக்காட்டும்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு புத்தகம் ஆரம்பித்திருந்தோம். ஒரு ராக் குழுவின் கிடார்க்காரன் எழுதியது. அதில் அவர்களுடைய டிரம்மருக்கும் சிறுநீரகம் போய்விடுகிறது. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். இத்தனை புத்தகத்தில் தன்னைப் போல ஒருத்தன் வந்தது அதுதான் முதல் தடவை. அத்தியாயத்தின் நடுவில் நான் பக்கத்தை மூடப்போனால் குழந்தை மாதிரி கோபித்துக்கொண்டான். பாதியில் நிறுத்துவது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. பாட்டானாலும் கதையானாலும் முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

புத்தகத்தில் இருப்பதை உங்களுக்கு உள்ளபடியே சொல்கிறேன். அந்த டிரம்மர் ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வீட்டில் படுத்துக்கொள்கிறான். பயம் வந்து நண்பர்களைக் கூப்பிடுகிறான். அவர்கள் கதவை உடைக்காத குறையாக வந்து, அலாக்காகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிறகு பல வருஷம் உயிரோடிருந்து, நிறையத் திட்டிக்கொண்டே நிறைய வாசிக்கிறான். கடைசிப் பக்கத்தில் மகளின் கல்யாணத்தில் டிரம்ஸ் வாசிக்கிறான்.

நான் படித்தது அதுவல்ல. நான் படித்ததில் அவன் யாரையும் கூப்பிடவில்லை. ஜன்னலோரம் கட்டில். மழை. குழுவில் ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு பாட்டு வாசித்துவிட்டுப் போகிறார்கள். வலி இல்லை. “எங்களில் தைரியசாலி அவன் ஒருவன்தான்” என்று கிடார்க்காரன் எழுதுகிறான். ஜன்னலும் மழையும் நான் முன்பு படித்த ஒரு காதல் நாவலிலிருந்து எடுத்தவை. மீதி என் சொந்தச் சரக்கு. நாலு நாள் மொட்டைமாடியில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். துணி காயப்போடுகிறேன் என்று நினைத்திருப்பான்.

அந்த இடத்தை வீட்டில் வைத்துத்தான் படித்தேன், தையல்காரி இல்லாதபோது. முடித்ததும் அபிப்பிராயம் சொல் என்றேன், வழக்கம் போல. “நிஜமா நடந்ததாக்கா?” என்றான். சுயசரிதை அல்லவா, பொய் எழுதுவானா என்றேன். திரும்பப் படிக்கச் சொன்னான். ஒரு வார்த்தை பிசகாமல் படித்தேன்.

நான் அவனிடம் நிறுத்து என்று சொல்லவே இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த அத்தியாயத்தைத் தினம் கேட்டது அவன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாமல் கட்டிலிலேயே கிடந்ததும் அவன். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் கூப்பிட்டார். நானே போனை அவன் காதருகே பிடித்தேன். போதும் டாக்டர், வீட்டிலேயே இருக்கிறேன் என்று அவன் வாயால் சொன்னான். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னதும் அவன்தான். நான் ஒருத்தியாகவே இழுத்துப்போட்டேன். தையல்காரி இரண்டு தடவை வாசலுக்கு வந்தாள். தூங்குகிறான் என்றேன். முதல் தடவை நிஜமாகவே தூங்கினான்.

அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையில் நிம்மதியான நாட்கள் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலைச்சல் இல்லை, ஊசி இல்லை, மணிச்சத்தம் இல்லை. கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு முழு தம்ளர் தண்ணீரை அவன் குடித்த விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. என் தம்பி எனக்கே எனக்கென்று இருந்தான். இப்போது இந்த வீட்டில் யாருக்கு நான் வாயைத் திறப்பது. சில நாள் காலையில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த நாற்காலிக்கு எதிரில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். பிறகுதான் நினைவு வருகிறது.

எல்லாம் முடிந்த பிறகு தையல்காரி வந்தாள். அவனுக்கென்று வாங்கின போன் அவள் கையில் இருந்தது. கொடுக்க முடியாமல் போனதை அவளே வைத்துக்கொண்டு, ஊசியோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் அவன் கடைசியாகக் கேட்ட புத்தகத்தைக் கேட்டு முடித்திருக்கிறாள். அவனோடு பேசுகிற மாதிரி இருக்கும் என்று கேட்டேன் அக்கா என்றாள். என்னிடம் அபிப்பிராயம் பேசத்தான் வந்திருந்தாள், பாவம். மகள் கல்யாணத்தில் டிரம்மர் வாசிக்கிற இடத்தில் அழுதுவிட்டாளாம். அவன் இதைக் கேட்ட பிறகுமா அக்கா நிறுத்தினான் என்று கேட்டாள். நான் அவன் ஜன்னலோரம் படுத்திருந்ததைப் பற்றி, மழையைப் பற்றி ஏதோ சொன்னேன். வாய்தவறித்தான் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். “நாம ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பத்தித்தான் பேசுறோமாக்கா?”

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனாள். பிறகு நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. கடைசி நாள் மத்தியானம். கால் இரண்டும் வீங்கியிருந்தன, மூச்சு வாங்கிற்று. டிரம்மர் வரும் அத்தியாயத்தைப் படி என்றான். படித்தேன். நடுவில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, அவன் பயப்படவே இல்லையா?”

புத்தகம் திறந்துதான் இருந்தது. என் விரலுக்கு நேர் கீழே, பயந்தேன் என்று அந்த டிரம்மரே சொல்கிற வரி இருந்தது. இல்லைப்பா, பயப்படவில்லை என்றேன்.

“எனக்கு பயமா இருக்குக்கா. வண்டி கூப்பிடு. போயிடலாம்.”

இந்த அத்தியாயம் முடியட்டும்ப்பா என்றேன். அவன் தலையை ஆட்டினான். என் பேச்சை அவன் என்றைக்கும் தட்டியதில்லை. ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. அப்போது கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்போம், அது எனக்குத் தெரியும். அத்தியாயம் மூன்றே பக்கம். அந்த மூன்று பக்கத்தை இருட்டும்வரை படித்தேன். இன்னும் இரண்டு நண்பர்களை வரவைத்தேன். டிரம்மரின் சின்ன வயதை எடுத்தேன், அவனுக்குச் சோறூட்டிய ஓர் அக்காவைச் சேர்த்தேன். மழையை விடாமல் பெய்யவைத்தேன். அன்று வெந்நீர் குடிக்கவில்லை, ஆனாலும் தொண்டை கட்டவில்லை. கட்டில் சட்டத்தில் அவன் விரல் ஏதோ ஒரு பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. அது மெதுவாகி, விட்டுவிட்டு, பிறகு நின்றுபோனது. அதற்குப் பிறகும் கடைசி வரிவரை படித்து, புத்தகத்தை மூடிவிட்டுத்தான் எழுந்தேன்.

பாதியில் நிறுத்துவது அவனுக்குப் பிடிக்காது. கூடப்பிறந்தவள் எனக்குத்தானே அது தெரியும்.