இரண்டு விரல் மரை

றொனி தேநீருக்கு இன்னும் ஒரு கரண்டி சீனி கேட்டான். போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். பசறையில் அன்று காலை மழை விட்டிருந்தது. கல்லறைத் திருநாள். என் கணவர் ரஜீவன் எங்கள் மகளின் கல்லறைக்கு வெள்ளை அடிக்க வாளியையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு நடந்தே போய்விட்டார். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தன் அம்மாவைக் காரில் கூட்டிவர அவருடைய தம்பி றொனி புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"என்னா அண்ணி, சீனி போடச் சொன்னா சாமியார் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி தெளிக்கிறீங்க," என்றான்.

சிரித்தேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகும் நான் சிரித்திருக்கிறேன்.

நான் ஆங்கில ஆசிரியை. ஒன்றை வாசித்து விளங்கிக்கொண்டு, விளங்காதவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது என் தொழில். நடந்த எல்லாவற்றிலும் என் பங்கு அந்தத் தொழிலுக்கு வெளியே அதிகம் போகவில்லை.

எங்கள் மகள் ஜெசீகாவுக்கு ஆறு வயது. பதுளையிலிருந்து வீடு திரும்பும்போது ஒரு வளைவில் ரஜீவன் பஸ் ஒன்றை முந்தினார். எதிரே லொறி வந்தது. கார் ரோட்டைக் கடந்து மண்மேட்டில் மோதியது. ஜெசீகா பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ரஜீவனுக்கு மணிக்கட்டில் ஒரு கட்டு மட்டும் போட்டார்கள். நான் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

ரஜீவன் கெட்டவரில்லை. குடிப்பதில்லை. என்மேல் கை வைத்ததில்லை. மகளுக்காக அவர் அழுத அழுகையை நான் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்த எல்லோரும் அவருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பங்குத்தந்தை ஆண்டவருடைய சித்தம் என்றார். மாமியார் இருதயம்மா கண்பட்டுவிட்டது என்றார். பஸ்காரன் வழி விட்டிருக்க வேண்டும் என்றான் றொனி. ரஜீவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நான் அவரிடம் எதிர்பார்த்தது ஒரே ஒரு பேச்சை. நான்தான் முந்தினேன், என்னால்தான் போனாள் என்று ஒருதரம் அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அவர் தலையை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்திருப்பேன். அந்த அளவுக்கு அன்பு என்னிடம் மிச்சம் இருந்தது. ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"அதப் பத்திப் பேசாத புள்ள. எனக்குத் தாங்காது," என்றார்.

அவர் பதுளையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மனேஜர். தினமும் போய்வர வேண்டும். அதனால் காரைத் திருத்தினார், புதிதாகப் பெயின்ட் அடித்தார். அடுத்த வருடம் அந்தக் காரைத் தாழ்த்த வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ரோட்டோடு ரோடாகப் பதிந்து ஓடும் கார்களின் படங்களை என் ஃபோனுக்கும் அனுப்புவார். எனக்கு அது தவறாகப் படவில்லை. மனிதருக்கு எதிலாவது மனம் போகத்தான் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் அதைப் பற்றி வாக்குவாதப்பட்டார்கள். றொனி பண்டாரவளையில் த்ரீவீலர் ஓட்டினான். தன் வண்டியைத் தானே கழற்றி மாட்டுவான்.

"ஸ்பிரிங் மட்டும் மாத்துனா போதும்ணே. கட்டையான ஸ்பிரிங். எறங்குனா எறங்குனதுதான், அதுக்கப்புறம் தொடவே வேண்டியதில்ல."

"தொடாம? அம்மா வீட்டு ரோட்டுல என்னா செய்யிறது? கல்லுல அடிவயிறு கிழிஞ்சிரும். கொய்லோவர் போட்டா திருகி ஏத்தலாம், திருகி எறக்கலாம்."

"அதான் வேணாங்கிறேன். திருகுறதுக்குன்னு ஒன்னு இருந்தா ஒன் கை சும்மா இருக்குமா? பூசைக்குப் போற வழியில ரேடியோவ எத்தன தரம் திருகுற ஆளு நீ!"

கார் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டை ஸ்பிரிங் போட்டால் கார் ஒரே உயரத்தில் தாழ்ந்து நிற்கும். கொய்லோவர் என்பது ஸ்பிரிங்கும் அதிர்வு தாங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த சாமான். அதன் கீழ்ப்பகுதி ஓர் உறை. அந்த உறைக்குள் மரை வெட்டிய தண்டு ஒன்று இறங்கியிருக்கும். தண்டை உள்ளே திருகினால் கார் தாழும், வெளியே திருகினால் உயரும்.

ரஜீவன் என் பக்கம் திரும்பினார். "இது போட்டா வளைவுல வண்டி சாயாது தெரியுமா? ரோட்டோட ஒட்டிக்கிட்டுத் திரும்பும். அன்னைக்கு மட்டும் இது இருந்திருந்தா..."

எனக்கு விளங்கிவிட்டது. அவரும் கடைசியில் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தார். ஆண்டவர் இல்லை, பஸ்காரன் இல்லை, பழைய ஸ்பிரிங். அதைக் கழற்றி எறிந்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும்.

"டீச்சர் தீர்ப்புச் சொல்லட்டும்," என்றான் றொனி. "அண்ணி, ஸ்பிரிங்கா கொய்லோவரா?"

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

உண்மையாகவே படித்தேன். பாடம் இல்லாத வேளைகளில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, இதைப் பற்றி இணையத்தில் எழுதியவர்களைக் கவனமாக வாசித்தேன், பேசியவர்களைக் கேட்டேன். தினமும் வேலைக்கு ஓடும் காருக்கு, உயரத்தை மாற்றத் தேவையில்லை என்றால் ஸ்பிரிங் போதும், மாற்ற வேண்டுமென்றால் கொய்லோவர்தான். இது நியாயமான பதில். எந்தக் கராஜில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அதோடு ஓர் எச்சரிக்கையும் இருந்தது. காரை உயர்த்தும்போது, உறைக்குள் இரண்டு விரல் அகலத்துக்காவது மரை இறங்கியிருக்க வேண்டும். குறைந்தால் பிடிக்காது, கழன்றுவிடும். எழுதியவர்கள் அதைப் போகிற போக்கில்தான் சொல்லியிருந்தார்கள். தாழ்த்துவதற்காகச் செய்த சாமானை வாங்கி அதை உயர்த்தப் பார்க்கிறவர்கள், கல் ரோட்டில் தாயை வைத்திருக்கும் எங்கள் பக்கத்து ஆட்களாகத்தான் இருப்பார்கள்.

அன்று மாலை என் தீர்ப்பைச் சொன்னேன். "கொய்லோவர் போடுங்க. அம்மாவப் பாக்கப் போகணும்ல."

ரஜீவன் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெசீகா போன பிறகு அவர் செய்கிற ஒன்றில் நான் மனதை வைத்தது அதுதான் முதல் தடவை என்றார். அது சரிதான்.

சாமான் ஜப்பானில் பாவித்த பழையது. வந்ததும் இருவரும் வீட்டு முற்றத்திலேயே மாட்டினார்கள். மாட்டும் விதத்தைக் காட்டுகிற வீடியோ ஆங்கிலத்தில் இருந்தது. ரஜீவனுக்குத் தமிழும் சிங்களமும் தண்ணீர் பட்ட பாடு, வேகமான ஆங்கிலம் மட்டும் பிடிபடாது. நான் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ரஜீவன் காருக்கு அடியில் கிடந்தார். கால் மட்டும்தான் தெரிந்தது.

"என்னா சொல்றான்?"

"மேல இருக்குற மூணு நட்டையும் முழுசாக் கழட்டக் கூடாதாம். லூசாக்குனாப் போதுமாம்."

"இப்ப?"

"பிரேக் குழாயத் தொங்க விடக் கூடாதாம். கயித்துல கட்டி வைக்கணுமாம்."

"அண்ணே, ஒனக்குப் பரவாயில்ல," என்றான் றொனி. "நோகாம கெடந்துக்கிட்டே டியூசன் எடுக்குற. ஃபீஸ் குடுத்துரு."

ஒன்றையும் மாற்றாமல், ஒன்றையும் கூட்டாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு வீடியோவில் பேசியவன் தண்டைக் கையில் எடுத்தான். இரண்டு விரலைச் சேர்த்துக் கமராவுக்கு நேரே காட்டினான். இந்த அளவுக்குக் குறைந்தால் ஓட்டாதீர்கள், உயிர் போகும் என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. ரஜீவனுக்குத் திரை தெரியாது. ஆனால் சில்லுப் பக்கம் குந்தியிருந்த றொனி எட்டிப் பார்த்துவிட்டான்.

"ரெண்டு வெரலக் காட்டுறானே, என்னாவாம் அண்ணி?"

"இந்த வேலைய ஒத்தையாச் செய்யக் கூடாதாம். ரெண்டு பேர் வேணுமாம்."

"அதான் நாங்க ரெண்டு பேர் இருக்கோம்ல!" என்று அண்ணனின் காலில் தட்டினான்.

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அன்று காரைத் தாழ்த்தித்தான் மாட்டினார்கள். மரை ஆழமாக உள்ளே இருந்தது. எந்தப் பயமும் இல்லை. தினமும் அவர் அதில் பதுளைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தார். பசறை ஆட்கள் நின்று பார்த்தார்கள். தாயைப் பார்க்கப் போகும் சனிக்கிழமைகளில் மட்டும் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றுவார், வந்ததும் இறக்குவார். நான் அவரோடு போவதை நிறுத்திக்கொண்டேன். திருத்துவதற்கு விடைத்தாள்கள் இருந்தன.

மழைக்காலம் வந்தது. தோட்டத்து ரோட்டில் மண் அரித்துக் கல் எழும்பியது. ஒவ்வொரு வாரமும் அவர் முந்தின வாரத்தைவிடக் கூடுதலாக ஏற்றினார். திருகச் சொல்லி நான் ஒருநாளும் சொல்லவில்லை. கல்லறைத் திருநாளுக்கு முந்தின மாலை அவர் சில்லுப் பக்கம் குந்தியிருந்தபோது நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது போதுமா?" என்று கேட்டார்.

"போன கிழம அடி இடிச்சிச்சுன்னு சொன்னீங்களே," என்றேன்.

அவர் சொன்னது உண்மை. அதைத்தான் திருப்பிச் சொன்னேன். அவர் இன்னும் திருகினார். தண்டின் மரை நீளமாக வெளியே பளபளத்தது. உறைக்குள் ஒரு விரல்கூட இருக்காது. மறுபக்கமும் அப்படியே செய்தார். தாயைக் கூட்டிவர ஏற்றத்தில் அவர் தனியாகத்தான் போவார். இருதயம்மா ஏறுவதற்கு முன்பே, போகிற வழியிலேயே, அது நடந்து முடிந்துவிடும் என்று கணித்திருந்தேன். அந்தக் கிழவிக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. சில்லு கழன்று ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் போகும் அந்த நொடியில், ரஜீவனுக்குக் குற்றம் சொல்ல வேறு ஒருவரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அந்த ஒரு நொடி.

றொனி இரவு பஸ்ஸில் வந்து எங்களோடு தங்கியிருந்தான். காலையில் அவர்களாகவே வேலையை மாற்றிக்கொண்டார்கள். "நீ புள்ளையோட கல்லறைய வெள்ளையடிண்ணே. நான் போய் அம்மாவக் கூட்டியாறேன்."

இதுவரை இந்தக் கதையை எனக்கு நானே சொல்லிக்கொண்டபோதெல்லாம், இந்த இடத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை என்றுதான் சொல்லி வந்தேன். அது சரியில்லை. கை நன்றாக ஓடியது. தேநீர் ஊற்றினேன், சீனி போட்டேன். அவன் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு ஊதி ஊதிக் குடித்தான். அவனைத் தடுக்க உண்மையைச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. டயரில் காற்று இல்லை, த்ரீவீலர் பிடித்துப் போங்கள் என்றால் போதும். ரஜீவனுக்கு இவனைவிட வேண்டியவர் இந்த உலகத்தில் மிச்சம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது அது ஒன்றுதான். பயமோ தடுமாற்றமோ இருக்கவில்லை.

"சாவி எங்க அண்ணி?"

அலமாரிக்கு மேலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "பாத்துப் போங்க," என்றேன்.

தோட்டத்து ரோட்டில் ஏறும் முன்பே, பெரிய ரோட்டின் ஒரு வளைவில் முன் சில்லு மடங்கிக் கார் தேயிலைச் சரிவில் உருண்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் றொனி இறந்தான். தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே, ரோட்டோரத்தில், இருதயம்மா பூவும் மெழுகுதிரியும் வைத்துக்கொண்டு பகல்வரை காத்துக்கொண்டிருந்தார்.

உடைந்த காரைப் பார்த்த கராஜ்காரர் தண்டைக் கையில் எடுத்து ரஜீவனிடம் காட்டினார். "உள்ளுக்கு மரை பிடிச்சிருக்கவே இல்லையே. நகத்தளவுதான் நின்னுருக்கு. யார் இப்பிடி ஏத்துனது?"

"நான்தான்," என்றார் ரஜீவன்.

அடக்கத்தன்று வீடு நிறையச் சனம் இருக்கையில் தாயின் காலில் விழுந்தார். "நான்தாம்மா ஏத்துனேன். நான்தான் ஒன் புள்ளையக் கொன்னேன். வேற யாரும் இல்ல, நான்தான்." யாரும் அவரிடம் கேட்கவில்லை. பஸ்காரன், கண்ணேறு, ஆண்டவருடைய சித்தம் எதையும் அவர் தேடவில்லை. நான் பக்கத்தில் நின்று, அவரைத் தூக்கி, தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். வேறொரு பெட்டிக்கு முன்னால் சொன்னார் என்றாலும், அப்படிச் சொல்ல அவருக்கு முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

இப்போது அவர் வேலைக்கு பஸ்ஸில் போகிறார். இருதயம்மா எங்களோடு இருக்கிறார். அவருக்குத் தலைவாரி விடுவது, வேளைக்கு மருந்து கொடுப்பது எல்லாம் நான்தான். மகள் இருந்தால்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். ரஜீவன் என்னிடம் ஒன்றையும் மறைப்பதில்லை. றொனியின் பெயர் வந்தாலே, நான்தான் கொன்றேன் என்று தொடங்கிவிடுவார். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன கிழமை, மாமியார் தூங்கிய பிறகு, துணி மடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். "ஜெசீகா?"

அவர் நான் மடித்த சட்டை ஒன்றை எடுத்து மடியில் வைத்து, அதன் காலரை நீவிவிட்டார்.

"அன்னைக்கு ரோடு ஈரமா இருந்துச்சு," என்றார்.