தலையாட்டலை ஏற்காத அம்மையாருக்கு

ஆய்வறைக்குள் அடைபட்டுக் கிடந்த அருங்கணிதத்தை அரைப்பக்கத் தாளாக்கி, பேருந்து நிறுத்தத்திலும் சலவைக்கடைச் சுவரிலும் ஒட்டிவைத்த எங்கள் கணித நிலையத்தின் மக்கள் தொடர்பு அலுவலரே! அயராதவரே! எங்களையும் அயரவிடாதவரே! வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள், மாதந்தோறும் ஒரு தாள். அச்சுக்குப் போகுமுன் கணிதம் படிக்காத ஒருவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது தாங்கள் வகுத்த சட்டம். கேட்டவர் தலையாட்டினால் தாள் திரும்பி வரும். கேள்வி கேட்டால்தான் அச்சேறும். "தலையாட்டுனா புரியலைன்னு அர்த்தம்" என்பீர்கள். ஒரே தாளைப் பதினொரு முறை திருத்திய நம் ஆய்வாளர் ஒருவர், தங்களை மனத்துக்குள் திட்டியதை இன்று ஒப்புக்கொள்கிறார். மன்னித்தருள்க!

அந்தச் சட்டத்தைத் தாங்களே ஒருமுறை மீறினீர்கள். புதுவடிவத் தரைக்கல் ஒன்றால், எந்தக் கல்லையும் கவிழ்க்காமல், எவ்வளவு பெரிய தரையையும் இடைவெளியின்றி மூடலாம் என்று நம்மவர்கள் நிறுவிய பூரிப்பில், ஒருவருக்கும் வாசித்துக் காட்டாமல் ஐயாயிரம் தாள் அச்சிட்டுவிட்டீர்கள். நம் தாழ்வாரத்தில் கல் பதித்துக்கொண்டிருந்த மேஸ்திரி, தாளில் கண்ட வடிவில் அட்டையை வெட்டி அடுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். "ஏழாவது கல்லைக் குப்புறக் கவுத்தாத்தான் உக்காருது. கவுத்தா பளபளப்பு கீழ போயிடுமேம்மா?"

அடேயப்பா! ஆய்வாளர்கள் ஒருவருக்கும் எழாத கேள்வி அது.

"ஜனங்களுக்கு எங்க தெரியப்போகுது, விடுங்க" என்றார்கள் மேலிடத்தார். "தெரியாதுன்னு நெனச்சா நாம எழுதவே வேணாம்" என்றீர்கள். அடுத்த தாளின் முதல் வரி: 'பிழை எங்களுடையது; கண்டுபிடித்தவர் மேஸ்திரி.' கைக்கெட்டிய பதவி உயர்வு அதோடு போயிற்று. நிறுவலைச் செப்பனிட இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தச் செய்தியைத் தாங்கள் முதலில் வாசித்துக் காட்டியதும் அவருக்கே.

இன்று தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள்; இன்றோடு தாளும் நிற்கும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தாங்கள் மேசையைத் துடைத்தீர்கள்.

இம்மடலையும் தங்கள் சட்டப்படி நேற்று மேஸ்திரிக்கு வாசித்தோம். புகழ்மொழிக்கெல்லாம் தலையாட்டினார், கதிகலங்கிப் போனோம். சுற்றறிக்கை பற்றிய வரி வந்ததும் வாசிப்பை நிறுத்தச் சொன்னார். "அப்ப அடுத்த மாசத் தாளை யாரு எழுதுறது?"

நாங்கள் எழுதுகிறோம், அம்மா. நிலையம் தன் பெயரைத் தராவிட்டால் எங்கள் பெயரில் எழுதுகிறோம். தடுப்பவர் தடுத்துப் பார்க்கட்டும்.

நோய்நொடி அண்டாமல் நூறு கடந்து வாழ்க! முதல் தாளோடு தங்கள் வீட்டு வாசலுக்கு வருவோம், வாசித்துக் காட்டுவோம். தயவுசெய்து தலையாட்டிவிடாதீர்கள்.

இங்ஙனம்,
தங்களிடம் திட்டு வாங்கித் தேறிய எழுவர்