தூபாவுக்கு ரெண்டு சீட்டு

...பின்னாடி வேணாங்க்கா, பின்னாடி எடம் இல்ல, முன்னாடியே ஏறிக்கங்க. போர்வை போத்திக்கிட்டு ஒக்காந்திருக்கே, அது ஆள் இல்ல. தூபா. எங்க வீட்டுக்காரரு ஊதுற வாத்தியம். வாயப் பாருங்க, புள்ளைய குளிப்பாட்டுற தொட்டி மாதிரி. ரெண்டு சீட்டு முழுசா அதுக்கே போச்சு. காலையில இருந்து மூணு ட்ரிப்பு, மூணுலயும் இதே கதைதான். கண்ணாடிய மறந்துட்டு வந்த ஒரு பெரியவரு, "அம்மா, கொஞ்சம் நகந்து ஒக்காருங்கம்மா"ன்னு பாதி வழி வரைக்கும் அதுகிட்ட கெஞ்சிக்கிட்டே வந்தாரு.

கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க... இன்னும் பலமா. ஆங். நம்ம ஒருரோ ஊருக் காத்து இருக்கே, கதவு தொறந்திருந்தா மினிபஸ்ஸையே உரிச்சிட்டுப் போயிரும்.

தகரக் கடையில இருந்து விடியக்காலையிலதான் வாங்கிட்டு வந்தேன். போன ஞாயித்துக்கெழம வானூனியில ஒரு கல்யாணம். பேண்டு வாசிச்சு முடிச்சதும் மாப்பிள்ளையோட மாமன் நல்லா ஊத்திக்கிட்டு வந்து இது மேல ஒக்காந்துட்டாரு. நாற்காலின்னு நெனச்சாராம். எங்க வீட்டுக்காரரு நசுங்கினதைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கறாரு, சாவு வீட்டுல நிக்கற மாதிரி. நான் நிமோனியாவுல கெடந்தப்பக்கூட அப்படி நின்னதில்ல அந்த மனுசன். இன்னிக்கி பதினோரு மணிக்கு அவங்களுக்கு ரிஹர்சல். கொண்டு போய்ச் சேக்க வேண்டியது யாரு? நான்தான்.

ஒரு வீட்டுல ஒரு பைத்தியம் இருக்கலாங்க்கா. ரெண்டு இருக்கக் கூடாது. ரெண்டு பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போவுது, மாமியா எங்களோடதான் இருக்காங்க, யாராவது ஒருத்தராவது ஒழுங்கா மாசச் சம்பளம் வாங்க வேணாமா? மொதல் பைத்தியம் நான், அதை ஒத்துக்கறேன். அதைச் சொன்னாத்தான் மத்தது புரியும்.

நான் பொறந்ததுல இருந்து டிரைவர் இல்ல. நோட்டரி ஆபீசுல பதினாறு வருசம் டைப் அடிச்சவ. அடுத்தவங்க வீடு வித்தது, அடுத்தவங்க நெலம் பிரிச்சது, அடுத்தவங்க சண்டை, அடுத்தவங்க சமாதானம்... எல்லாத்தையும் அடிச்சு, முத்திரை குத்தி, அடுத்த ஆளக் கூப்புடு. ஒரு நாளு ஒரு உயில் வந்துச்சு. எழுதினவரு லாரி டிரைவரு. லாரியை மகனுக்கு எழுதி வச்சதோட விடல அந்த ஆளு. எந்த ஏத்தத்துல அதுக்கு மூச்சு வாங்கும், எந்தக் கியருல அது கோவிச்சுக்கும், மழையில எப்படிப் பேசி ஓட்டணும்... ஒரு பக்கம் முழுக்க. சட்டத்துக்கு இதெல்லாம் வேணாம், நீக்கிரும்மான்னாரு நோட்டரி. நீக்கினேன். நீக்கிட்டு பாத்ரூமுக்குப் போயி அழுதேன். நான் ஒரு உயில் எழுதினா எதைப் பத்தி அப்படி எழுதுவேன்? ஸ்டாம்ப் பேடைப் பத்தியா?

...யோவ், நீ போறதுன்னா போ, இல்ல நில்லு. நடு ரோட்டுல யோசிச்சா எப்படி?

என்ன சொன்னேன்... ஆங். எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் எர்மோ, இந்த வண்டி அவனோடது. அவன் சிலிக்குப் பொழைக்கப் போறேன்னு கெளம்பினான். நான் மதியச் சாப்பாட்டு நேரத்துல அவன்கிட்டதான் ஓட்டக் கத்துக்கிட்டிருந்தேன், ஏரிக்கரையில, தண்ணி வத்தின எடத்துல. வீட்டுல யாருக்கும் தெரியாது. "நெய்வெஸ், வண்டிய நீயே ஓட்டு, மினிபஸ் லைன்ல என் எடத்தையும் நீயே பாத்துக்க"ன்னான். நெய்வெஸ்ங்கறது நான்தான். மறுநாளே நோட்டரிகிட்ட லெட்டரைக் குடுத்துட்டேன்.

வீட்டுல சொல்லல.

சொல்லலாம்னுதான் இருந்தேங்க்கா. இன்னிக்கி சொல்லலாம், ஞாயித்துக்கெழம சொல்லலாம்னு... ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. தெனம் காலையில ஆபீஸ் பாவாடை, கோட்டு மாதிரி ஜாக்கெட், குதிகால் செருப்பு, கழுத்துல ஸ்கார்ப். வண்டி நிக்கற எடத்துக்கு வந்து செருப்பை மாத்திக்கிட்டு ஸ்டியரிங்கைப் புடிப்பேன். அதுல கொடுமை என்னன்னா, அந்த ஜாக்கெட்டைத் தெனம் இஸ்திரி போட்டுக் குடுத்தது அவருதான், ஃபெர்மின். "நோட்டரிக்கு இருமல் எப்படி இருக்கு"ன்னு கேப்பாரு. "பரவால்ல, தேன் குடிக்கச் சொல்லிருக்காங்க"ன்னு நான் அளந்து விடுவேன். அந்த நோட்டரிக்கு நான் ரெண்டு மாசத்துல எத்தனை வியாதிய வர வச்சேன்னு எனக்கே கணக்கில்ல.

அப்பறம் ஒரு நாளு ஆலங்கட்டி மழை. ரோட்டுல வண்டியே இல்ல. ஒரு ஆளு கைய நீட்டினாரு, நிறுத்தினேன். பாத்தா எங்க வீட்டுக்காரரு.

நனைஞ்சு போயி, தலையக் குனிஞ்சு, பின்னாடி ரெண்டு சந்தைக்காரம்மா நடுவுல போயி ஒக்காந்துட்டாரு. என்னைப் பாக்கல. நான் ஸ்கார்ப்பை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டேன். மார்க்கெட் தாண்டறப்ப கண்ணாடியில பாக்கறேன்... அவரு என் கண்ணையே பாத்துக்கிட்டிருக்காரு. எனக்குக் கிளட்ச் எது பிரேக் எதுன்னே மறந்து போச்சு. அவரு எறங்கற எடம் வந்துச்சு. "அந்த மூலையில நிறுத்துங்க மாஸ்டர்"னாரு, எல்லாரும் டிரைவரக் கூப்புடற மாதிரி. எறங்கி வந்து, ஜன்னல் வழியா எல்லாரையும் போலக் காசைக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். சாப்பாடு போட்டாரு. புள்ளைங்க சாப்பிட்டு எந்திரிச்சதுக்கப்பறம் கேட்டாரு, "நாளைக்கி ஜாக்கெட்டை இஸ்திரி போடணுமா, வேணாமா?"

அவ்வளவுதான் கேட்டாரு. நான் ஓன்னு அழுதேன். வேலைய விட்டதுக்கு அவருக்குக் கோவமே இல்லக்கா. இஸ்திரிதான் மனசுல நின்னுச்சு. அப்பறம் ஒரு வருசத்துக்கு என் துணி எதையும் தொடல.

சரி, இது என் பைத்தியம். அவரோடதுக்கு வர்றேன்.

அவரு ஒரு இரும்புச் சாமான் கிடங்குல பதினெட்டு வருசம். ஸ்க்ரூ, ஆணி, கீலு, தாழ்ப்பாள்... எடை போட்டு, பெட்டியில கட்டி, மேல சீட்டு ஒட்டணும். வேலை கெட்ட வேலை இல்ல. முதலாளி நல்லவரு. ஆனா ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆச்சுன்னா அவருக்கு வயித்த வலி வந்துரும். டாக்டரு எல்லாம் பாத்துட்டு வயித்துல ஒண்ணுமே இல்லேன்னாரு. பட்டாளத்துல இருந்தப்ப பேண்டுல தூபா ஊதினவரு அவரு. பெரியவ பொறந்தப்ப சொந்தத் தூபாவ வித்துட்டுத்தான் அடுப்பும் தொட்டிலும் வாங்கினோம். அதைப் பத்தி அதுக்கப்பறம் அவரு பேசினதே இல்ல. ஆனா சந்தைக்குப் போறேன்னு கெளம்பினா, நடுவுல பேண்டுக்காரங்க ரிஹர்சல் பண்ற ஹாலு ஜன்னலுக்கு வெளியில ஒரு மணி நேரம் நின்னுட்டு, வெங்காயம் வாங்காம திரும்பி வருவாரு.

எறங்கறீங்களாப்பா? பாத்து, பாத்து... அந்த வாத்தியத்துல இடிக்காம. புதுசாத் தட்டி எடுத்தது.

போன மே மாசம் அந்த பேண்டுல தூபா ஊதினவன் புவனஸ் அயர்ஸுக்குப் போயிட்டான். பேண்டு மாஸ்டர் எங்க வீட்டுக்கே வந்துட்டாரு. வா ஃபெர்மின், வாத்தியம் நாங்க தர்றோம், ஆனா கிடங்குல வேலை பாத்துக்கிட்டே முடியாது, வாரத்துல நாலு நாள் ரிஹர்சல், திருவிழான்னா ஊரு ஊராப் போகணும்னு. இவரு அவருக்கு டீயப் போட்டுக் குடுத்து, "குடும்பம் இருக்குங்களே"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நான் அடுப்பங்கரையில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

அதுக்கடுத்த செவ்வாக்கெழம, சாயங்காலம் வந்து நிக்கறாரு. கையில ஒரு அட்டைப்பெட்டி. அதுல அவரு டீ குடிக்கற கோப்பை, ஒரு பேனா, கூட வேலை செஞ்சவங்க ஞாபகமாக் குடுத்த ஒரு பொட்டலம் ஸ்க்ரூ. வேலைய விட்டாச்சு. "நாளைக்கி ரிஹர்சல் இருக்கு"ன்னாரு.

அப்பறம் எங்க வீடு பட்ட பாடு இருக்கே. காலையில ஆறு மணிக்குத் தூபா. மாமியா காதுல பஞ்சு. பக்கத்து வீட்டு நாயி அதுக்குப் பதில் பாட்டு. பெரியவளுக்கு ஸ்கூல்ல மானமே போச்சாம், "எங்கப்பா இரும்புக் கிடங்குல இருக்காரு"ன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. மூணு வாரம் ஒரு கல்யாணம் இல்ல, ஒரு சாவு இல்ல. சரி, என் வண்டி இருக்கேன்னு பாத்தா, போராட்டம்னு ரோட்ட மறிச்சுட்டாங்க. ஞாபகம் இருக்குல்ல, ஒம்பது நாளு? ஒரு சக்கரம் சுத்தல. நானும் வீட்டுல, அவரும் வீட்டுல. தெனம் பனியில காய வச்ச சுன்யோ கெழங்கு, அதுக்குத் தொட்டுக்க இன்னும் கொஞ்சம் சுன்யோ கெழங்கு. சின்னவ ஷூ வாய் பொளந்துக்கிச்சு, கம்பி வச்சுக் கட்டி அனுப்பினேன். கேஸும் தீந்து போச்சு.

ஆறாம் நாளு மாமியா பொறுக்க மாட்டாம ஆரம்பிச்சாங்க. பெத்த மகனத்தான். "ரெண்டு பொட்டப் புள்ளைய வச்சுக்கிட்டு, கெடைச்ச வேலைய எட்டி ஒதைச்சிட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு அப்பனா? உம் பொண்டாட்டி ரோட்டுல கெடந்து சாகறா, நீ ஒக்காந்து ஊதற." அவரு தட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டாரு. நான் என்ன பண்ணேன்? தலையாட்டினேன். அதுக்கப்பறம், இவரு வேலைய விட்டுட்டு வந்துட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேதான் திரியறேன். வண்டியில ஏர்றவங்க, கறிக்காரம்மா, பழைய நோட்டரி வரைக்கும். எல்லாருமே என் பக்கந்தான்.

...என்னக்கா சொன்னீங்க?

இல்ல இல்ல. அப்படிச் சொல்லாதீங்க. பொறுப்பில்லாத மனுசன்லாம் இல்ல அவரு. நான் திட்டலாம், பதினேழு வருசம் குடித்தனம் பண்ணவ. நீங்க இப்பத்தான ஏறினீங்க, நீங்க சொல்லக் கூடாது... கோவிச்சுக்காதீங்க. நான் சொன்ன விதம் அப்படி.

இருங்க, இந்தத் திருப்பத்தைத் தாண்டிக்கறேன்.

பேண்டு மாஸ்டர் வந்துட்டுப் போனாருல்ல? அதுக்கப்பறம் அந்தச் செவ்வாக்கெழம காலையில வண்டி இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடி அலமாரி டிராயரைக் கொடைஞ்சேன். அடியில ஒரு கவரு. உள்ள ராஜினாமாக் கடுதாசி. அவரு கையெழுத்துதான், அவரு கையொப்பந்தான். மடிச்சுப் பிரிச்சு, மடிச்சுப் பிரிச்சு, மடிப்புல பேப்பரே நைஞ்சு போயிருக்கு. எத்தனை வருசமா அங்க கெடந்துச்சோ. எல்லாம் எழுதியிருந்தாரு. தேதி மட்டும் போடல.

நான் போட்டேன்.

போட்டு, ரெண்டாவது ட்ரிப்புல கிடங்கு வாசல்ல வண்டிய நிறுத்தினேன். உள்ள ஏழு பேரு ஒக்காந்திருக்காங்க, ஒருத்தரு கத்தறாரு லேட்டாகுதுன்னு. எறங்கி ஓடிப்போயி, முதலாளி மேசையில வச்சுட்டு ஓடி வந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு பின்கட்டுல இருந்தாரு, பாக்கல. அடுத்த ட்ரிப்பு வரைக்கும் எனக்கு வீரம்தான். மூணாவது ட்ரிப்புல யாருகிட்டயும் டிக்கெட்டுக் காசு வாங்கவே மறந்துட்டேன்.

நான் போயிட்டப்பறம் அங்க என்ன நடந்துச்சுன்னு அடுத்த வாரம்தான் தெரிஞ்சுச்சு. அங்க கேஷுல இருக்கற இலாரியா, இதே சீட்டுல ஒக்காந்து சொன்னா. முதலாளி இவரக் கூப்புட்டு, "ஃபெர்மின், யோசிச்சுத்தான் குடுத்தியா? வேணாம்னா இப்பவே சொல்லு, கிழிச்சுப் போட்டுடறேன், நமக்குள்ள இருக்கட்டும்"னாராம். இவருக்கு ஒண்ணும் புரியலையாம். பேப்பர வாங்கிப் பாத்தாராம். எனக்குத் தேதிய எண்ணுல எழுத வராதுக்கா, நோட்டரி ஆபீஸ் பழக்கம், "பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை"ன்னு எழுத்துலதான் எழுதுவேன். அந்த எடத்தையே ரொம்ப நேரம் பாத்தாராம். அப்பறம் ஒழுங்கா மடிச்சு முதலாளி கையில திருப்பிக் குடுத்து, "நான் குடுத்ததுதாங்க"ன்னு சொல்லிட்டாராம்.

என்கிட்ட இன்னி வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல. நானும் சொல்லல. ஊரே அவரத் திட்டுது, அவரு தூபாவத் தொடைச்சுக்கிட்டே கேட்டுக்கறாரு.

இப்பப் பரவால்லைங்க. கார்னிவல் திருவிழா வருதுல்ல, பேண்டுக்கு மூச்சு விட நேரம் இல்ல. சில மாசம் கிடங்குல வாங்கினதுக்கு மேலயே வருது, சில மாசம் ஒண்ணும் வராது. ஞாயித்துக்கெழம வயித்த வலி மட்டும் எங்க போச்சுன்னே தெரியல. பெரியவகூட போன வாரம் ஊர்வலத்துல பேண்டுக்குப் பின்னாடியே நடந்து போனா, கேட்டா வீட்டுக்குத் திரும்பற வழி அதுதாங்கறா.

அந்தா, உங்க ஆபீஸு. பாத்து எறங்குங்க, பள்ளம் இருக்கு. இல்லக்கா, மேக்கொண்டு காசெல்லாம் வேணாம், டிக்கெட்டுக் காசு மட்டும் குடுங்க.

இன்னிக்கி ரிஹர்சலுக்கு மாமியா மகனுக்குச் சோறு கொண்டு வர்றாங்க. பேண்டுக்காரங்க எல்லாரும் இருப்பாங்க. அவங்க முன்னாடி வச்சே சொல்லிடலாம்னு இருக்கேன், தேதி போட்டது நான்தான்னு.

சொல்லிருவேன்.

...சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இதே ரூட்டுலதான் திரும்பி வருவேன். ஏறினீங்கன்னா கேளுங்கக்கா, சொன்னியாடின்னு.