அவனவன் சந்து

காபி நன்றாக இருக்கிறது, அம்மா. சிக்கரி கொஞ்சம் தூக்கலாகப் போட்டால்தான் எங்கள் லூசியானாக்காரர்களுக்குக் காபி. காவல் நிலையத்தில் இது கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், எங்கள் கால்பந்தைப் பார்த்ததே இல்லை என்கிறீர்கள். அதனால் ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். பெயர்தான் கால்பந்து, பந்து கையில்தான் இருக்கும். எதிரணிக்காரன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வருவான். அவனுக்கு வழி உண்டாக்க மலை மாதிரி ஐந்து ஆட்கள் முன்னால் வருவார்கள். தடுக்க வேண்டியது என் பதினோரு பையன்கள். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். ஒவ்வொருவனுக்கும் ஒரு சந்து சொந்தம். அதில் நின்றால் சுவர். ஒருவன் அரையடி விலகினால் அது கதவு.

இந்தப் பருவத்தில் மூன்று ஆட்டம் தோற்றோம். மூன்றிலும் ஓடியே எங்களைத் தின்றார்கள். முடிவெட்டுகிற அல்சைட் என் பிடரியில் கத்தியை வைத்துக்கொண்டே கேட்டான்: "என்ன கோச், உங்க பசங்க நடுவுல எங்க கிழட்டு மாமியார்கூட நடக்கப் புடிச்சுக்கிற வண்டியத் தள்ளிக்கிட்டுப் போகலாம் போல?" நானும் சிரித்தேன். கல்லூரியில் சிரிக்கவில்லை. சனிக்கிழமையும் இப்படியே ஆனால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் செய்த வேலை.

தோற்ற ஆட்டங்களின் படத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் உடம்பில் பலம் இல்லை என்றார்கள். அது இல்லை. காரணம் எம்மெட் ப்ரூஸார்ட். நடுவில் நிற்பவன், நல்ல பையன். அவனுக்கு முன்னால் பிக்கெட். பிக்கெட்டை இரண்டு பேர் சேர்ந்து சாய்க்கும்போதெல்லாம் எம்மெட்டின் இடது கால் அவன் பக்கம் போகும். அரையடிதான். அந்த வழியாக ஓடிவிடுவார்கள்.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"கீழ கிடக்கிறவன மிதிக்கிறானுங்க கோச். பாத்துக்கிட்டு எப்படி நிக்கிறது?"

"அவன் சந்து அவன் பாடு. உன் சந்துல நில்லு."

"அவன் எங்க வீட்ல சாப்பிடறவன் கோச். எங்கம்மா என்னைய உள்ள விடமாட்டாங்க."

கெட்ட எண்ணம் இல்லை, பாருங்கள். அன்புதான். அன்பை அதட்டித் திருத்த முடியாது. பழக்கித்தான் திருத்த வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில் பிக்கெட்டை நடுவில் நிறுத்தினேன். இரண்டு பெரிய ஆட்கள் அவன்மேல் பாய வேண்டும். மற்றப் பத்துப் பேரும் அவரவர் சந்தில். நான் விசில் ஊதும்வரை யாரும் அசையக் கூடாது. எம்மெட் அசைந்தால் பிக்கெட்டுக்கு இன்னொரு முறை.

முதல் முறை அசைந்தான். இரண்டாம் முறையும் அசைந்தான். நான்காவதில் பிக்கெட்டின் மூக்கு உடைந்தது. அப்போதும் அந்தப் பையன் வேடிக்கைதான் பேசினான்: "டேய் எம்மெட், உன் காலத் தரையில ஆணியடிச்சு வைடா. என் மூஞ்சிய வெச்சுத்தான் எனக்குப் பொண்ணு பாக்கணும்." எல்லாரும் சிரித்தார்கள். ஏழாவதில் யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதாவதில் தலைக்கவசம் கழன்று உருண்டது. மாட்டிக்கொள்ள நான் நேரம் தரவில்லை. அவன் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் விழுந்தது. அதை எடுத்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டான்.

"கோச், கை மரத்துப்போச்சு," என்றான்.

"கையால யாரும் ஓட்டத்தத் தடுக்கிறதில்ல," என்றேன்.

அடிபட்டால் பார்க்கிற பெண் எங்கே போனாள் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். பயிற்சி தொடங்கும் முன்பே அவளை அடுத்த மைதானத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பதினோராவது முறை. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிக்கெட்டின் கழுத்து திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கால் மட்டும் புல்லை உதைத்துக்கொண்டிருந்தது. நான் அவனைப் பார்க்கவில்லை. எம்மெட்டின் இடது காலைப் பார்த்தேன்.

அசையவில்லை.

முகமெல்லாம் கண்ணீர், ஆனாலும் நிற்கிறான். பத்துப் பேரும் நின்றார்கள். விசில் என் வாயில்தான் இருந்தது. பழக்கம் ஊறட்டும் என்று காத்திருந்தேன். நான்கு நிமிஷம் என்று பையன்கள் உங்களிடம் சொன்னார்களாம். என் கடிகாரத்தில் ஆறு. புல்லை உதைத்த கால் மூன்றாவது நிமிஷத்தில் நின்றது. உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தும் ஊதவில்லை, போய்விட்டான் என்று தெரிந்தும் ஊதவில்லை. ஊதவே இல்லை. அடுத்த மைதானத்தில் இருந்தவர்கள் ஓடி வந்துதான் தூக்கினார்கள். இதை நான் மறுக்கப் போவதில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

எம்மெட் இன்னும் அந்த மைதானத்தில் அதே இடத்தில் போய் நிற்கிறானாம். அவன் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லையாம். பாவம், விசிலுக்குக் காத்திருக்கிறான். அது உங்கள் மேஜைமேல்தான் சாட்சியமாக உறையில் போட்டு இருக்கிறது. கொடுத்தால் நானே போய் ஊதிவிட்டு வருகிறேன்.

ஆனால் இப்போது வேண்டாம், அம்மா. சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும்.