செந்தமிழன் தட்டிய பலகை

வீட்டில் இன்வெர்ட்டர் பழுதாகிவிட்டால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சார். திறந்து பாருங்கள். 'பீப் பீப்' என்று கத்துவதற்காக உள்ளே ஒரு சின்னப் பித்தளை வில்லை இருக்கும். பீசோ என்பார்கள். மின்சாரம் கொடுத்தால் அது கத்தும். நாம் தட்டினால் நமக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். வாங்கியதைத் திருப்பித் தரும் குணம் மனிதர்களிடமே குறைவு.

'இன்னா சொல்லணுமோ எழுதி வை, வந்து பாக்கறேன்' என்று தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டு நீங்கள் பந்தோபஸ்துக்குப் போய்விட்டீர்கள். கோட்டை பார்க்க யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஏட்டம்மா டீ வரவழைத்துக் கொடுத்தார். ஃபேன் மட்டும் கொஞ்சம் முனகுகிறது. கெப்பாசிட்டர் போயிருக்கும். எழுதி முடித்ததும் பார்த்துத் தருகிறேன்.

என் பெயர் எழிலன். திண்டிவனம் சாலையில் மாவு மில்லை ஒட்டியிருக்கும் 'எழில் எலக்ட்ரானிக்ஸ்' என்னுடையது. போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஊருக்கு அது 'பேட் செந்தமிழன் தம்பி கடை'. செந்தமிழன் என் அண்ணன். ராஜாங்கம் நடத்தும் இன்னிசைக் குழுவில் ரிதம் பேட், அதாவது தட்டினால் எல்லாத் தாள வாத்தியச் சத்தமும் வரும் மின்கருவி, வாசித்தவர். கச்சேரி நடுவில் ராஜாங்கம் ஒவ்வொரு கலைஞரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவார். அண்ணன் பெயர் வந்தால் விசில் பறக்கும். மேடைக்குப் பின்னால் வயர் இழுத்துவிட்டு நிற்பவன் பெயரை மைக்கில் சொல்வது எந்தக் குழுவிலும் வழக்கம் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

போன தை மாதம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். எங்கள் வீடும் கடையும் ஒரே கட்டடம். முன்னால் கடை, கடைசி அறையில் அண்ணன் கட்டில். அண்ணி ஜெயஸ்ரீ அங்கன்வாடி டீச்சர்; காலையில் கிளம்பிவிடுவார். நான் கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாதவன் என்பதால் பகலெல்லாம் அண்ணன் என் பொறுப்பு. ஏதாவது வேண்டுமென்றால் அவர் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவார். மாவு மில் சத்தத்தில் கடையில் இருக்கும் எனக்கு அது கேட்காது.

"டம்ளரு நசுங்கியே போச்சி எழிலு. அவுரு தட்டறது உனக்கு எட்ட மாட்டேங்குது. ஊரு பொட்டியெல்லாம் ரிப்பேர் பண்றியே, இதுக்கு ஏதாச்சும் செய்யக் கூடாதா?" என்றார் அண்ணி.

செய்தேன். அதைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசையே. ஒரு பிளைவுட் பலகை, அதில் நான்கு பீசோ வில்லை, மேலே சைக்கிள் டியூப் ரப்பர். முதலில் ஒன்றைத் தட்டினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து கத்தியது. ஹவாய் செருப்பை அறுத்து ஒவ்வொரு வில்லைக்கும் அடியில் மெத்தை போட்டதும் நான்கும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தன. செருப்பு அண்ணியுடையது. நல்ல செருப்பு. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வில்லைகளிலிருந்து வயர்கள் ஒரு மைக்ரோகன்ட்ரோலருக்குப் போகும். தீப்பெட்டி அளவுதான் இருக்கும், ஆனால் மூளை அதுதான். ஒவ்வொரு தட்டும் எவ்வளவு பலம் என்று அது எண்ணாகப் படிக்கும். நான் வைத்த வரம்பை அந்த எண் தாண்டினால் கடை ஸ்பீக்கரிலும் அண்ணன் பக்கத்து ஸ்பீக்கரிலும் டோலக்கோ தபேலாவோ கேட்கும். தாண்டாவிட்டால் சத்தம் வராது. ஆனால் சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் என் லேப்டாப் திரையில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கோடு எழும்பும். வரம்பு, குறுக்கே சிவப்புக் கோடாக ஓடும். இது ஒன்று புரிந்தால் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

முதல் தடவை அண்ணன் தட்டி 'டும்' என்று கேட்டதும் அவர் அழுதார். அண்ணி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு தட்டு. மற்ற நேரத்தில் சும்மா வாசித்துக்கொண்டிருப்பார். நான் இங்கே சால்டரிங் வைக்க, அங்கே அவர் தாளம் போட, நாங்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது சின்ன வயதில்கூட இல்லை. மில் ஓடும்போது அதிர்வில் கருவி தானாகவே அடித்தது. அதனால் வரம்பைக் கொஞ்சம் ஏற்றினேன். எந்த எஞ்சினியரும் செய்வதுதான்.

ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று ராஜாங்கம் அண்ணனைச் சக்கர நாற்காலியோடு மேடையில் ஏற்றினார். மடியில் என் பலகை. ஒற்றைக் கையால் அண்ணன் வாசித்தார். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக வாசித்தார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு வயர் தளர்ந்துபோனதால் பாட்டு முடியும் வரை நான் மேடைக்குப் பின்னால் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒத்தக் கைல இன்னா வாசிப்பு பாருங்க! கை தட்டுங்கப்பா! இது ஆத்தா குடுத்த வரம்!" என்று ராஜாங்கம் மைக்கில் முழங்கினார்.

ஆத்தா கொடுக்கவில்லை, சார். நான் கொடுத்தேன். கைதட்டல் அடங்குவதற்குள் அண்ணன் இடது கையைத் தூக்கிப் பின்பக்கம் காட்டினார். நான் நின்ற பக்கம். கோவிலும் அந்தப் பக்கம்தான். கூட்டம் மொத்தமும் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டது. அவர் காட்டியது என்னையா அம்மனையா என்று வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம். 'நானா?' என்றால் தலையசைத்திருப்பார். நான் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் வரம்பை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். இந்த முறை மில்லுக்காக இல்லை. அண்ணன் தட்டினார், சத்தம் வரவில்லை. பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொஞ்சம் ஓங்கி அடிண்ணா" என்றேன். ஓங்கி அடித்ததும் வந்தது. அப்புறம் அவ்வப்போது ஒரு சிட்டிகை ஏற்றுவேன், அவரும் அந்த அளவுக்கு ஓங்குவார். கைக்கு உடற்பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் வெண்மதி என்ற பெண், "சூப்பர்ணா! கைல நல்லா பலம் ஏறியிருக்குது. இதையே கண்டினியூ பண்ணுங்க" என்றாள். நான் செய்தது கெடுதல் என்றால் பலம் எப்படி ஏறும்? நீங்களே சொல்லுங்கள்.

பார்க்க ஆள் வந்தால் மட்டும் வரம்பை இறக்கிவிட்டு நானே வாசித்துக் காட்டுவேன். என் விரலுக்கு அது குழந்தை மாதிரி பதில் சொல்லும். அண்ணன் அடித்தால் தடாலென்று ஒரு அடி, நான் தடவினால் தபேலா. வந்தவர்கள் என்னிடம் கேள்வி கேட்டார்கள். எப்படிச் செய்தேன், எங்கே படித்தேன் என்று. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணன் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். காது கூர்மையான மனிதர். புரிந்துகொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதன் பிறகு அவர் தாளம் வாசிக்கவில்லை. ஏதாவது தேவை என்றால் மட்டும் ஓங்கித் தட்டுவார்.

ஐப்பசியில் ஒரு நாள், நல்ல மழை. அண்ணி வேலைக்குப் போயிருந்தார். மத்தியானம் அண்ணனுக்கு ரசம் சாதம் ஊட்டினேன். கடைசி வாய் அவர் விழுங்கினாரா என்று பார்க்கவில்லை, கடையில் ஒருவர் இண்டக்‌ஷன் அடுப்போடு காத்திருந்தார். மாலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு அடுப்பைத் திறந்தேன். பக்கத்தில் மில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு கோடு எழும்பியது. சிவப்புக் கோட்டுக்குச் சற்றே கீழே நின்றுவிட்டது. ஸ்பீக்கர் சும்மா இருந்தது.

இன்னொன்று எழும்பியது. பிறகு இன்னொன்று. முதலில் வந்தவை நம் ஊர்க் கோட்டையின் ராஜகிரி மலை மாதிரி நின்றன, அடுத்தவை கொஞ்சம் தணிந்தன, அப்புறம் மலையடிவாரத்துப் பாறைகள் மாதிரி சின்னச் சின்னதாக ஆகிவிட்டன. தண்ணீருக்கு இரண்டு தட்டு என்று சொன்னேனே, இது அப்படியில்லை. விடாமல் வந்தது. அவசரம் என்று தெரிந்ததா என்று கேட்பீர்கள். தெரிந்தது. எழுந்தால் ஒரு நடை. எழ வேண்டாம், ஒரு விசையைத் தட்டி வரம்பை இறக்கினால்கூட ஸ்பீக்கர் அலறியிருக்கும், மில்காரராவது ஓடி வந்திருப்பார்.

"ஓங்கி அடிண்ணா" என்றேன். கடையில் உட்கார்ந்தபடியே, என் பாட்டுக்குச் சொன்னேன்.

கோடுகள் நின்ற பிறகு அடுப்பை முடித்தேன். ஃபியூஸ்தான் போயிருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளே போனேன். சோறு மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொண்டது, இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு நடக்கக்கூடியதுதான் என்றார் டாக்டர். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நீங்களும் இங்கே நான் வந்து உட்காரும் வரை என் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. சும்மா இருந்திருக்கலாம், சும்மா இருக்கத்தான் நினைத்தேன்.

இருக்க விட்டால்தானே. சாவு வீட்டில் ராஜாங்கம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உம் மேல தப்பு இல்லப்பா. மெசினு கை விட்டுடுச்சி. லோக்கல் சரக்கு, நீ இன்னா பண்ணுவ?" என்றார். வந்தவர் போனவர் எல்லோரும் அதையே சொன்னார்கள். டீக்கடையில்கூட, கம்பெனி மெஷினாக இருந்திருந்தால் செந்தமிழன் பிழைத்திருப்பார் என்று பேச்சு. ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு ஆறுதலும் எனக்குச் செருப்படியாக விழுந்தது.

கருமாதி முடிந்ததும் அண்ணி பலகையை எடுத்துப் பழைய இரும்புக்காரர் வண்டியில் போட்டுவிட்டார். "பாவம் அவுரு, எத்தினி தபா தட்னாரோ. இந்தப் பாழாப்போன பொட்டிக்குக் கேக்கவே இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அந்த வண்டியின் பின்னால் மார்க்கெட் வரை ஓடி அதை வாங்கி வந்தேன். ஒரு வயர்கூட அறுபடவில்லை. அன்று ராத்திரி அண்ணியிடம் சொல்லிவிட நினைத்தேன், முடியவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். என் அண்ணன் செந்தமிழன் உயிருக்குப் போராடியபடி என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டது எனக்குத் தெரியும். நான் போகவில்லை. போக முடியாமல் இல்லை, போகக் கூடாது என்று போகவில்லை. கொன்றது நான். என்ன தண்டனையோ கொடுங்கள், வாதாட மாட்டேன். நீங்கள் எழுதும் அறிக்கையில் ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். அண்ணியிடமும் யாராவது இதைப் படித்துக் காட்டினால் நல்லது: கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. பலகையையும் லேப்டாப்பையும் உங்கள் மேசை மேல் வைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், கோடு எழும்பும். அண்ணனின் கடைசித் தட்டு அதைவிட மெல்லியது. அதையும் பிடித்தது, சார்.